சூடானால் நிற்கும், ஆறினால் ஓடும்: ஒரு க்ராங்க் சென்சார் பழுதின் ஆய்வு

வண்டி 2012 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. உரிமையாளர் ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். மதுரைக்கு அடிக்கடி போய்வருவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் பட்டென்று நின்றுவிடுகிறது என்பதுதான் புகார். செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் பிடிக்காது. அரை மணி நேரம் ஓரமாக விட்டுவைத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிவிடும்.

திண்டுக்கல்லில் எங்கள் பட்டறைக்கு வரும்போது வண்டி வெண்ணெய் போல ஓடியது. ஐடிலிங்கில் ஆட்டம் இல்லை, ரேஸ் கொடுத்தால் தயக்கம் இல்லை, ஸ்கேனரில் ஒரு கோடும் (இன்ன பழுது என்று சொல்லும் குறியீட்டு எண்) இல்லை. இப்படி வரும் வண்டியில்தான் வேலை செய்பவர்களுக்குக் கை பரபரக்கும். எதையாவது மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும். இந்த வண்டியில் அதை ஏற்கெனவே செய்திருந்தார்கள். ஸ்பார்க் பிளக் நான்கும் புதிது, பம்ப் ரிலே (பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச்) புதிது, டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பும் புதிது.

அந்த பம்பை எப்படி முடிவு செய்தார்கள் என்று உரிமையாளரிடம் கேட்டேன். "வண்டி நின்ன இடத்துக்கே மெக்கானிக் வந்தாரு தம்பி. ஹோஸைக் கழட்டிவிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. பெட்ரோலே வரல. என் கண்ணாலயே பார்த்தேன்." அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் வரவில்லை என்பது உண்மை. பம்ப் கெட்டுவிட்டது என்பது அதிலிருந்து எடுத்த முடிவு, அது தவறு.

இந்த வகைப் பழுதில் எல்லோரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பாகத்தை மாற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ஏனென்றால் எதை மாற்றவும் அரை மணி நேரமாவது பிடிக்கும், அதற்குள் எஞ்சின் ஆறிவிடும். பிளக் மாற்றினார்கள், வண்டி ஓடியது. ரிலே மாற்றினார்கள், ஓடியது. டேங்கை இறக்கி பம்பையும் மாற்றினார்கள், அப்போதும் ஓடியது. மெக்கானிக்கும் நம்பினார், உரிமையாளரும் நம்பினார். அடுத்த வெயில் நாளில் கொடைரோடு சுங்கச்சாவடி தாண்டியதும் வண்டி மறுபடி நின்றது. மனைவியும் பேரக்குழந்தையும் பின்சீட்டில். பின்னால் சரக்கு லாரி. லாரி ஓட்டுநர் விழிப்பாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

நான்குவழிச் சாலையில் எண்பதில் போகும்போது எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும், அப்புறம் பெடல் கல்லாகிவிடும். பயந்துபோய் சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் லாக் விழும் ஆபத்து வேறு. அதனால் இந்தப் புகாரோடு வரும் வண்டியை "ஓடுது, எடுத்துட்டுப் போங்க, மறுபடி நின்னா கூப்பிடுங்க" என்று அனுப்பிவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அடுத்த முறை எந்த இடத்தில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

கோடு ஏன் இல்லை?

முதலில் இதற்கு விடை தேட வேண்டியிருந்தது. இத்தனை முறை நின்ற வண்டியின் இசிஎம்மில், அதாவது எஞ்சினை இயக்கும் கணினியில், ஒன்றுமே பதிவாகவில்லை என்றால் ஏதோ இடிக்கிறது. கேட்டுப்பார்த்ததில் காரணம் தெரிந்தது. வழியில் யாரோ ஒருவர், "பேட்டரி டெர்மினலைக் கழட்டி கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டுங்க, ஸ்டார்ட் ஆயிடும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். உரிமையாளரும் ஒவ்வொரு முறையும் அப்படியே செய்துவந்திருக்கிறார், அதற்கென்று டிக்கியில் ஒரு 10 நம்பர் ஸ்பேனரே வைத்திருக்கிறார். வண்டியை ஸ்டார்ட் ஆகவைத்தது அந்தக் காத்திருப்பு. டெர்மினலைக் கழற்றியதால் நடந்ததெல்லாம் நினைவகம் அழிந்ததுதான். பதிவான கோடும் கூடவே போய்விட்டது.

"எஞ்சின் லைட்டும் எரியலையே?" என்றார். சாவி ஆன் நிலையில் எஞ்சின் ஓடாதபோது அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டுதான் இருக்கும், பல்பு நன்றாக இருக்கிறதா என்று காட்டுவதற்காக. ஆகவே எஞ்சின் நின்ற பிறகு விளக்கைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஸ்கேனர் போட்டால்தான் தெரியும். அதுவும் பேட்டரியைத் தொடுவதற்கு முன்னால்.

அடுத்து நான் கேட்டது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பற்றி. "வண்டி நிக்கும்போது முள்ளு எப்படி விழுந்துச்சுண்ணே? மெதுவா இறங்குச்சா, ஒரேயடியா விழுந்துச்சா?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வண்டி ஓடிட்டே இருக்கு தம்பி, முள்ளு மட்டும் பொத்துனு கீழ விழுந்துருச்சு. ஒரு தடவை, நிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தரம் துள்ளுச்சு."

பாதி வேலை இந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. பெட்ரோல் தீர்ந்தோ பம்ப் நின்றோ எஞ்சின் சாகும்போது, கியரில் இருக்கும் வண்டியின் சக்கரம் எஞ்சினை இழுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். க்ளட்ச் மிதிக்கும்வரை முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்துதான் இறங்கும். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சுழியத்துக்கு விழுகிறது என்றால், எஞ்சின் சுற்றுகிறது என்ற செய்தியே இசிஎம்முக்கோ மீட்டருக்கோ போய்ச்சேரவில்லை. அந்தச் செய்தியைக் கொடுப்பது க்ராங்க் சென்சார்.

க்ராங்க் சென்சார் என்ன செய்கிறது?

இந்த வண்டியில் ஃப்ளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரம்) சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. 60 பல்லுக்கான இடம், அதில் அடுத்தடுத்து 2 பல் கிடையாது. மிச்சம் 58. கியர்பாக்ஸ் பெல் ஹவுசிங்கின் மேல்பக்கத்தில் ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் சென்சாருக்குள் ஒரு காந்தமும், முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயிலும் உண்டு. ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காயிலில் சின்ன மின்னழுத்தம் பிறக்கும். பல் இல்லாத இடைவெளி வரும்போது இசிஎம் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். தாளத்தில் சமம் எங்கே விழுகிறது என்று தெரிந்தால்தான் பாடகர் பல்லவியை எடுக்க முடியும், அதுபோலத்தான் இதுவும். அந்த இடைவெளி தெரியாமல் எப்போது ஸ்பார்க் கொடுப்பது, எப்போது இன்ஜெக்டரைத் திறப்பது என்று இசிஎம்முக்கு எதுவும் தெரியாது.

பெட்ரோல் பம்புக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இங்கேதான் வருகிறது. விபத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் பம்ப் தொடர்ந்து பெட்ரோலைத் தள்ளக் கூடாது. அதனால் ஆர்பிஎம் செய்தி வந்துகொண்டிருக்கும்வரைதான் இசிஎம் பம்ப் ரிலேயைப் பிடித்துவைக்கும். சாவியை ஆன் செய்ததும் மட்டும் இரண்டு விநாடி பம்பை ஓடவிடும், லைனில் அழுத்தம் ஏறுவதற்காக. பிறகு செய்தி வரவில்லை என்றால் நிறுத்திவிடும். அப்படியானால் க்ராங்க் சென்சார் செத்த வண்டியில் எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பம்ப் ஓடாது. ஸ்பார்க்கும் வராது. சாலையோரத்தில் அந்த மெக்கானிக் கண்டது இதைத்தான். பம்ப் நின்றது விளைவு. அவர் அதைக் காரணமாக எடுத்துக்கொண்டார்.

நின்ற நிமிடத்தில்

சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் ஆறிய வண்டியில் சென்சாரை மாற்றி அனுப்பிவிட்டால், நானும் முன்னால் செய்தவர்கள் செய்ததையே செய்தவன் ஆவேன். வண்டி நிற்க வேண்டும், நின்ற நிலையில் பார்க்க வேண்டும். மத்தியான வெயிலில், ஏசி போட்டு, உரிமையாளரையே ஓட்டச் சொல்லி, ஸ்கேனரைப் பதிவு நிலையில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அகலமான ஓரம் உள்ள சாலையாகப் பார்த்துத்தான் போனோம். ஆங்காங்கே ஓரங்கட்டி ஐடிலிங்கிலும் விட்டோம். காற்று படாமல் நிற்கும்போதுதான் பானெட்டுக்குள் சூடு தேங்கும்.

வத்தலகுண்டு சாலையில் வண்டி நின்றது. பதிவில் தெரிந்தது இது: ஆர்பிஎம் 2,100, அடுத்த அளவீட்டில் 0. அந்த நேரத்தில் வேகம் இன்னும் ஐம்பதுக்கு மேல். ஸ்கேனரின் தொடர்பு அறுந்துபோகவில்லை, டாஷ்போர்டு விளக்குகளும் அணையவில்லை. ஆக இசிஎம்முக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. மெயின் ரிலே, இக்னிஷன் சுவிட்ச் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அவை கெட்டிருந்தால் ஸ்கேனரும் கூடவே இருண்டிருக்கும். சாவி விளக்கு மின்னவில்லை, அதனால் திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசரும் காரணம் இல்லை.

ஓரங்கட்டி, ஹசார்ட் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினோம். பேட்டரியை யாரும் தொடக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தேன். பின்சீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு சாவியை ஆன் செய்யச் சொன்னேன். பம்ப் "ங்ங்" என்று இரண்டு விநாடி முனகி நின்றது. பம்பும் நன்றாக இருக்கிறது, ரிலேயும் நன்றாக இருக்கிறது, ஒயரும் பியூஸும் நன்றாக இருக்கின்றன. ஒரே முனகலில் நான்கும் தெரிந்துவிட்டது. செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பம்ப் சத்தமே இல்லை. ஸ்பார்க் டெஸ்டரில் பொறி இல்லை. மீட்டர் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஸ்கேனரிலும் ஆர்பிஎம் 0. நல்ல வண்டியில் செல்ஃப் அடிக்கும்போதே 200ஐ ஒட்டி ஏதாவது காட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சில ஸ்கேனர்கள் மெதுவாகத்தான் புதுப்பிக்கும், ஒரு விநாடி செல்ஃப் அடித்துப் பார்த்து 0 என்று முடிவு கட்டக் கூடாது. வேறு சில வண்டிகளில் க்ராங்க் செய்தி போனாலும் இசிஎம் கேம் சென்சாரை (வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் சுற்றுவதைப் பார்ப்பது) வைத்து ஆர்பிஎம் கணக்கிட்டுக் காட்டிவிடும். அந்த வண்டிகளில் எண் வருகிறதே என்று க்ராங்க் சென்சாரை விட்டுவிட்டால் தவறிவிடும்.

தொடர்ந்து பத்து விநாடி போல செல்ஃப் அடித்தோம். அதற்கு மேல் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிவிடும். அப்போது பதிவானது பி0335, அதாவது க்ராங்க் சென்சார் சர்க்யூட் பழுது. இவ்வளவு நேரம் ஏன் எடுத்தது என்றால், எஞ்சின் சும்மா நின்றிருக்கிறதா, சுற்றியும் செய்தி வரவில்லையா என்று இசிஎம்முக்குத் தெரிய வேண்டும். கேம் சென்சாரின் துடிப்பு வருகிறது, க்ராங்க் துடிப்பு வரவில்லை என்று சில சுற்று பார்த்த பிறகே அது கோடு எழுதும். மற்ற சென்சார்களை நான் ஏன் துரத்தவில்லை என்றும் சிலர் கேட்கக்கூடும். ஏர் ஃப்ளோ, த்ராட்டில் போன்றவை கெட்டால் வண்டி திணறும், இழுக்காது, மிஸ்ஸிங் அடிக்கும். சுவிட்சை அணைத்தது போல நிற்பது அரிது. கூலன்ட் வெப்ப சென்சார் பொய் சொன்னால் சூட்டில் பெட்ரோல் அதிகமாகி வாடையும் கரும்புகையும் வரும். இங்கே வாடையே இல்லை.

சென்சாரா, ஒயரா?

பி0335 என்று வந்தவுடன் சென்சாரை மாற்றுவதும் அவசரம்தான். அந்தக் கோடு சர்க்யூட் என்றுதான் சொல்கிறது. சென்சார், கப்ளர் (ஒயரை இணைக்கும் சொருகி), இசிஎம்வரை போகும் ஒயர் எல்லாம் அதில் அடக்கம்.

சூட்டோடு சூடாக, ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழே இருந்த கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு பின்களில் மல்டிமீட்டரை வைத்தேன். திறந்த சர்க்யூட், அதாவது உள்ளே தொடர்ச்சி அறுந்திருக்கிறது. மீட்டரில் எண்ணே வரவில்லை. இனி தலைகீழாகவும் நிரூபிக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து சென்சார் உடலின் மேல் சுற்றினேன். தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, பக்கத்தில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் இருக்கிறது, வெடிப்பு விடும். மீட்டரைப் பார்த்தபடியே இருந்தோம். சில நிமிடத்தில் எண் ஒன்று தோன்றி மறைந்தது, மறுபடி தோன்றியது, அப்புறம் ஆயிரத்தை ஒட்டி நிலைத்தது. கப்ளரை மாட்டிச் செல்ஃப் அடித்தோம். உடனே பிடித்துக்கொண்டது. எஞ்சினின் மற்ற பாகமெல்லாம் அதே கொதியில்தான் இருந்தது. ஆறியது அந்தச் சென்சார் மட்டும். உரிமையாளர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை, பிறகு, "இதுக்கா தம்பி டேங்கை இறக்குனாங்க?" என்றார்.

பட்டறைக்கு வந்ததும் ஒயரையும் சோதித்தோம். இசிஎம் கப்ளரிலிருந்து சென்சார் கப்ளர்வரை ஒவ்வொரு ஒயரையும் ஆட்டி, வளைத்து, ஹாட் ஏர் கன் காட்டித் தொடர்ச்சி பார்த்தோம். ஒயருக்கும் பாடிக்கும் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்தோம். சுத்தம். பிறகு மின்னழுத்தத்தைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பை மாட்டி எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு சென்சாருக்குச் சூடு காட்டினோம். ஆறிய நிலையில் அலைகள் சீராக, 58 மேடும் ஒரு இடைவெளியுமாக வந்தன. சூடு ஏற ஏற மேடுகளுக்கு நடுவே திடீர் வெட்டுகள் விழுந்தன. முள் துள்ளியது என்று அவர் சொன்னது இதுதான். கடைசியில் திரையில் வெறும் நேர்க்கோடு, எஞ்சினும் நின்றது.

ஆறியபின் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் 870 ஓம். இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. சூட்டில் அளந்தால் 1,100 காட்டுகிறதே, அப்படியானால் கெட்டுவிட்டது என்பார்கள். செம்பின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 30 டிகிரியில் 870 ஓம் இருந்தால் 100 டிகிரியில் 1,100 ஓமுக்கு வருவது இயல்பு, நல்ல சென்சாரும் அப்படித்தான் காட்டும். பழுதின் அடையாளம் எண் சீராக ஏறாமல் குதிப்பதும் காணாமல் போவதும்தான். ஆறிய சென்சாரை அளந்துவிட்டு நல்லது என்று சான்று கொடுக்கவும் கூடாது. உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, ஆறும்போது முனைகள் ஒட்டிக்கொள்கின்றன, சூட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் விரிந்ததும் விலகிவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஓம் சோதனை காயில் வகைச் சென்சாருக்கு மட்டும்தான். காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகைக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது, அதில் ஓம் பார்ப்பதில் பொருள் இல்லை, கெட்டுப்போகவும் வாய்ப்புண்டு. மூன்று ஒயர் என்றாலே ஹால் என்றும் நினைக்கக் கூடாது, காயில் வகையிலும் மூன்றாவதாக ஷீல்டு ஒயர் வருவதுண்டு. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, ஒயரிங் பக்கத்தில் ஒரு பின்னில் 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ நிலையாக வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வந்தால் ஹால். ஒயரிங் படம் கையில் இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏன் கெட்டது?

சென்சாரைக் கழற்றியபோது உடலின் ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறியிருந்தது. அந்தப் பக்க ஒயரின் உறை விறைத்துப்போய், வளைத்தால் வெடித்தது. எக்ஸாஸ்ட்டைப் பார்த்த பக்கம் அது. சுற்றிலும் பார்த்தால் பெல் ஹவுசிங்கின் மேல் இரண்டு போல்ட் துளைகள் காலியாகக் கிடந்தன. எக்ஸாஸ்ட் சூடு சென்சாரில் படாமல் மறைக்கும் தகரம் அங்கேதான் இருக்க வேண்டும். உரிமையாளரிடம் கேட்டால், முந்தைய ஆண்டு க்ளட்ச் மாற்றியிருக்கிறார். கியர்பாக்ஸை இறக்கத் தகரத்தைக் கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. சென்சார் வயதாகித்தான் செத்திருக்கலாம் என்ற வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை, தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆனால் ஒரே பக்கம் வெந்திருப்பது தகரத்தைத்தான் காட்டுகிறது. அந்தத் தகரமில்லாமல் புதுச் சென்சாரை மாட்டினால் அதுவும் அதே பக்கம் வேகத் தொடங்கும்.

முனையில் இருந்த காந்தத்தில் மெல்லிய இரும்புத்தூள் மீசை போல ஒட்டியிருந்தது. செல்ஃப் மோட்டார் பிடித்துச் சுற்றும் ரிங் கியரிலிருந்து உதிர்வது. நிற்பதற்கு இது காரணம் இல்லை, ஆனால் அதிகமானால் செய்தி வலுவிழக்கும், செல்ஃப் அடிக்கும்போது முதலில் பாதிக்கும். சென்சார் உட்காரும் இடத்தைத் துடைத்தபின்தான் புதியதை உட்காரவைத்தோம். அடியில் அழுக்கு இருந்தால் சென்சார் தூக்கி நிற்கும், பல்லுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவில்தான், அதில் விளையாட முடியாது.

மாற்றியபின்

புதுச் சென்சாரை மாட்டுவதற்கு முன்பே மேசையில் வைத்து அதே சூட்டுச் சோதனையைச் செய்தோம். ஆறிய நிலையில் 880, நூறு டிகிரியை ஒட்டி 1,110, எங்கும் குதிக்கவில்லை. சந்தையில் பெட்டி மட்டும் அசலாக, உள்ளே வேறொன்றாக வரும் சென்சார்கள் உண்டு. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. செய்துவிட்டுப் பூட்டுவதே என் பழக்கம். தகரம் ஸ்பேர் கடையில் தனியாகக் கிடைத்தது. ஒயரை அதன் பழைய கிளிப்பில் போட்டு எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கிக் கட்டினோம். பதிவாகியிருந்த பி0335 கோடை அழித்தோம்.

பிறகு அதே சாலையில், அதே மத்தியான வெயிலில், ஏசியோடு ஓட்டினோம். கொடைக்கானல் மலைப்பாதையில் பாதி தூரம் ஏறி இறங்கினோம். இறங்கிய சூட்டில் எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டோம். ஓடும்போது இருப்பதைவிட அணைத்தபின்தான் சென்சாருக்குச் சூடு அதிகம் ஏறும், இந்தப் பழுது அப்போதுதான் தலைகாட்டும். சாவியைத் திருப்பினோம், முதல் சுற்றிலேயே பிடித்தது. ஸ்கோப்பில் 58 மேடும் ஓர் இடைவெளியும், ஒரு வெட்டும் இல்லை.

முன்பு கழற்றிய பம்பை அவர் டிக்கியிலேயே போட்டுவைத்திருந்தார். கேஜ் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். மூன்றரை பாருக்கு அழுத்தம் ஏறி அப்படியே நின்றது. துடைத்து, வாய்க்கு மூடி போட்டு, "இதைத் தூக்கிப் போட்டுறாதீங்கண்ணே, ஸ்பேரா இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்தேன். டிக்கியில் இருந்த 10 நம்பர் ஸ்பேனரை இனி டெர்மினல் கழற்ற எடுக்க வேண்டாம் என்றும், எப்போதாவது நின்றால் சாவியை ஆனிலேயே வைத்து முதலில் எனக்குப் போன் செய்யும்படியும் கேட்டுக்கொண்டேன்.